முகத்துக்கு மட்டும் நிழல்

அப்பாவின் சட்டைக் காலர் நைந்துபோனால் அந்தச் சட்டை அம்மாவின் வேலைச்சட்டை ஆகிவிடும். முழுக்கைச் சட்டையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அம்மாவின் நிபந்தனை. மலேசியாவில் கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில், விடிவதற்கு முன்னால், லயத்து வீட்டு அடுப்பங்கரை விளக்கில் அவர் உடுத்துவதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பசியாறுவேன். கைலிக்கு அடியில் அப்பாவின் பழைய கால்சட்டை. அதற்கு மேல் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டை. சட்டைக் கைக்கும் விரலுக்கும் நடுவே தெரிகிற மணிக்கட்டுக்கு, அண்ணன் பந்து விளையாடித் தேய்த்த காலுறையின் பாதத்தை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தை மாட்டிக்கொள்வார். பிறகுதான் துண்டு. நெற்றியை மறைத்து, காதை மறைத்து, மூக்கையும் வாயையும் மூடி ஒரு சுற்றுச் சுற்றி, பிடரியில் முடிச்சு. அதன்மேல் ஓலைத் தொப்பி. கடைசியில் ரப்பர் சப்பாத்து. புறப்படும்போது அம்மாவிடம் வெளியே தெரிவது இரண்டு கண்ணும் பத்து விரலும்தான்.

துண்டு கட்டுவதற்கு முன்னால் முகத்துக்கு ஒரு பூச்சு உண்டு. பந்திங் பசாறில் மலாய்க்காரப் பாட்டி ஒருவர் பெடாக் செஜுக் விற்பார். அரிசியை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டு, அரைத்து, சொட்டுச் சொட்டாக வெயிலில் காய வைத்த வெள்ளை மணிகள். உள்ளங்கையில் இரண்டு மணியைப் போட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்து குழைந்துவிடும். அதைத்தான் அம்மா கன்னத்திலும் மூக்கிலும் தடவிக்கொள்வார். யாருமே பார்க்காத முகத்துக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று எங்கள் பாட்டி முணுமுணுப்பார். “துண்டுக்கு உள்ளயும் வெயில் போகும் அத்தே” என்பது அம்மாவின் பதில்.

வெயில் என்றால் அம்மாவுக்குச் சூடு இல்லை, கருப்பு. இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அத்தனை துணியைச் சுற்றிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போனால் சூடு கூடத்தான் செய்யும். பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஒழுகும் என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் துண்டை அவிழ்க்க மாட்டார். வாய்ப்பக்கம் மட்டும் கீழே இறக்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, வேலைக்குப் புதிதாக வந்த மருமகளிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “வேர்த்தா குளிச்சா போயிடும். கருத்தா குளிச்சாலும் போவாது.” மப்பு மூடிய நாளில்கூட அவர்கள் தொப்பியை விட்டுவிட்டுப் போனதில்லை. மப்பு வெயில்தான் கூடக் கருக்கும் என்பது தோட்டத்து நம்பிக்கை. கூடக் கருக்கும் என்பது சரியில்லை. ஆனால் மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புற ஊதாக் கதிர் வந்துவிடும் என்பது பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவர்கள் படிக்காமலே பாதி சரியாக இருந்தார்கள்.

அம்மா அப்போது செய்தது பூவுக்குத் தூள் அடிக்கிற வேலை. இன்று செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கே இது தெரியாது. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அதனால் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குச் சரியாகப் போய்ச் சேராமல், பல தோட்டங்களில், முக்கியமாக இளங்கன்றுகளில், குலை பிடிக்காமல் போனது. வண்டு செய்ய வேண்டிய வேலையைப் பெண்கள் செய்தார்கள். ஆண் பூவை வெட்டி, காய வைத்து, சலித்து எடுத்த மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து கொடுப்பார்கள். ரப்பர்ப் பந்து வைத்த சின்னக் குழாய் ஒன்று கையில். மரம் மரமாகப் போய், முள் மட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெண் பூ வெளிர் மஞ்சளாக விரிந்திருக்கிறதா என்று பார்த்து, பந்தை அமுக்க வேண்டும். அந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் அப்படி இருக்கும்; பிறகு கருத்துவிடும். ஆகவே ஒரே மரத்தை விட்டு விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதில் வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு நிழல் இருந்தது. விடியுமுன் மரம் சீவி, வெயில் ஏறுவதற்குள் பாலெடுத்துவிடலாம். வளர்ந்த செம்பனைக்கு அடியிலும் நிழல் உண்டு. ஆனால் தூள் அடிக்கிற வேலை நடந்தது இளங்காட்டில். மரம் ஆள் உயரம்கூட இராது. தலைக்கு மேல் வானம் மட்டும்தான். கேரி தீவு கடலோரத்துத் தாழ்நிலம். கடல் உள்ளே வராமல் கரை போட்டு, தண்ணீர்க் கதவு வைத்து, வாய்க்கால் வெட்டி வைத்த பூமி. குன்று இல்லை, பாறை இல்லை, ஒதுங்க இடமில்லை.

அம்மா வீடு திரும்பும்போது சோம்பு மணக்கும். செம்பனை ஆண் பூவுக்கு அப்படியொரு வாசம். துண்டை அவிழ்த்தால் கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அதில் பெடாக் எது, டால்க் எது, மகரந்தம் எது என்று பிரிக்க முடியாது. அந்த டால்க்கைக் குமரிப் பெண்கள் கைலி நுனியில் முடிந்துகொண்டு போய்விடுகிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் சத்தம் போட்டதாக அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். மகரந்தம் கலக்காத தூளாக இருந்தால் போதும், முகத்துக்கு ஆகும் என்று எடுத்தார்களாம்.

1981ல் கேமரூனிலிருந்து கூன்வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் ஆராய்ந்து கண்டுபிடித்த வழி அது. வண்டு பெருகிய வேகத்தில் தூள் அடிக்கிற வேலையே இல்லாமல் போய்விட்டது. ஊர் முழுக்க விளைச்சல் பெருகிய கதையாக அதைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவை உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிய கதை.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கடிகாரமும் மாறியது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. நகரத்தில் இது ஒரு செய்தி, அவ்வளவுதான். பெரட்டு மணி கடிகாரத்தைப் பார்த்து அடிக்கும். வெயில் கடிகாரத்தைப் பார்த்து ஏறாது. அதே மணிக்கு எழுந்தால் முன்பைவிட இருட்டு. அதே மணிக்கு வேலை முடித்தால் முன்பைவிட வெயில் குறைவு. தோட்டத்துப் பெண்களுக்கு உச்சி வெயிலில் அரை மணி மிச்சம். கேரி தீவில் இப்போது சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றே கால் மணிவாக்கில். பன்னிரண்டு மணியை உச்சி என்று நினைத்துக்கொண்டு, ஒரு மணிக்கு மேல் வெயில் இறங்கிவிட்டது என்று பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புகிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது என்று பாடப் புத்தகம் சொல்லும். தோட்டத்தில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். தைப்பூசம் முடிந்து சித்திரை பிறக்கும் வரை வெயில் காலம்தான். கேரி தீவு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய மூன்று பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். கொடிக்கம்பத்தின் நிழல் கொடிக்கம்பத்துக்கு அடியிலேயே கிடக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் கதிர்க் குறியீட்டில் 11ஐ எட்டினால் மிகக் கடுமை என்று கணக்கு. வானம் தெளிவாக இருக்கிற நாளில் இங்கே உச்சிப்பொழுது அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும்.

எங்கள் தீவுக்குப் பெயர் கொடுத்த எட்வர்ட் வேலன்டைன் கேரியும் அவர் காலத்துத் துரைமார்களும் இந்த வெயிலைக் கண்டு நடுங்கியவர்கள். கருப்பாகிவிடுவோம் என்பதைவிட, மண்டைக்குள் கதிர் புகுந்து மூளை கலங்கிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அதற்காகவே சோலா தொப்பி. நம் ஊர்க் குளத்தில் விளைகிற நெட்டியில் செய்தது அது. தஞ்சாவூரில் கோயில் உருவங்களை இழைக்கிற அதே நெட்டிதான். முதுகெலும்புக்குப் பட்டை கட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்களும் உண்டு. பக்கத்தில் கோவணத்தோடு காடு வெட்டுகிறவனுக்கு மண்டை கலங்கவில்லையே என்று அவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. அவன் மண்டை வேறு ரகம் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரோடு அந்தத் தொப்பி போயிற்று.

பாட்டி கொஞ்ச காலம் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். போருக்குப் பிந்திய காலம். துரைசாணி பங்களாப் புல்வெளியில் துணியை விரித்து, எண்ணெய் பூசிக்கொண்டு, பட்டப்பகலில் குப்புறப் படுத்துக்கொள்வாராம். ஆயா நிழலில் நின்று குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். “நாள் சம்பளம் குடுத்தாதான் நாங்க வெயில்ல நிப்போம். அந்தம்மா சும்மாவே நிக்கிது” என்று பாட்டி சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். மாலையில் துரைசாணி கையைத் தூக்கிக் கடிகாரப் பட்டை இருந்த இடத்தைக் காட்டி, எப்படி நிறம் ஏறியிருக்கிறது பார் என்பாராம். தோல் உரிந்த இடத்துக்குப் பாட்டிதான் கற்றாழை தடவிவிட்டிருக்கிறார்.

பாட்டிக்குப் புரியாதது எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்தது. ஐரோப்பாவில் உழைப்பாளி வயலில் நின்ற வரைக்கும் வெளுப்புதான் அங்கேயும் மரியாதை. உழைப்பாளி தொழிற்சாலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் போய் வெளுத்த பிறகு, 1920கள் வாக்கில், வெயில் பட்ட தோல் விடுமுறைக்குப் போய்வந்த செல்வத்தின் அடையாளமாயிற்று. எங்கள் தோட்டத்தில் உழைப்பாளி வயலை விட்டு வரவே இல்லை. வெயில் பட்ட கை என்றால் பெரட்டுக்குப் போகிற கை. அந்தக் கணக்கு மாறவில்லை.

அம்மா துணியைச் சுற்றிக்கொண்டதன் மொத்தப் பொருளையும் நான் உணர்ந்தது அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது. மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானில் கடை வைத்திருந்தவர்கள். அக்கா அப்போது உரம் போடும் கூட்டத்தில் இருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாசமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு ஏதோ சமையலைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பெருவிரல் மட்டும் அக்காவின் கண்ணாடி வளையல்களை மெதுவாக முழங்கைப் பக்கம் தள்ளியது. வளையலுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மாநிறமாக ஒரு பட்டை. அத்தை குனிந்து அதைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் அண்ணனிடம், “பிறவியில மாநெறந்தான். வெயில்ல கொஞ்சம் அடிபட்டிருக்கு, வீட்ல இருந்தா தெளிஞ்சிடும்” என்றார். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு வந்த நிம்மதியை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. கருப்பில் இரண்டு கருப்பு இருந்தது. ஒன்று விதி, மற்றது வேலை. விதிக் கருப்புக்கு நகையைக் கூட்டிச் சரிக்கட்டுவார்கள். வேலைக் கருப்பை மறைக்க முழுக்கைச் சட்டை.

அக்காவின் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்தது. நல்ல குடும்பம்தான். அதற்காக அந்தப் பெருவிரலை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.

வெயில் கருப்புக்குச் சட்டை போதும்; விதிக் கருப்புக்கு டப்பா வேண்டியிருந்தது. அம்மா காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஹேசலின் ஸ்னோ. என் காலத்தில் ஃபேர் அண்ட் லவ்லி. 1975ல் இந்தியாவில் வந்து, 2020ல் தன் பெயரிலிருந்த வெளுப்பைக் கழற்றிவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. இவை போகட்டும். பெயர்ச்சீட்டே சரியாக இல்லாத இரவுக் கிரீம்கள்தான் பயங்கரம். கிள்ளானில் எங்கள் அடுக்கு வீட்டில் இருந்த ஒரு பெண் அப்படியொன்றை இணையத்தில் வாங்கிப் பூசினாள். கொஞ்ச நாளிலேயே முகம் பளிச்சென்று ஆனதும் எல்லாரும் பேர் கேட்டார்கள். அப்புறம் கால் வீங்கியது, கண் இமை வீங்கியது, சிறுநீரில் நுரை. மருத்துவர் மாத்திரை பற்றிக் கேட்ட பிறகு, முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டாராம். பாதரசம். மெலனின் உண்டாவதைத் தடுத்துத் தோலை வெளுக்க வைக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்படிப்பட்ட பொருள்களின் அனுமதியைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு அவ்வப்போது ரத்து செய்து பட்டியல் வெளியிடுகிறது. அடுத்த மாதம் அதே கிரீம் வேறு டப்பாவில் வரும்.

நாங்கள் கிள்ளானுக்கு வந்த பிறகு பார்த்த மோசமான வெயில் 1998ல் அடித்தது. எல் நினோ ஆண்டு. அந்த ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. நாட்டிலேயே அதுதான் உச்சம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அணைகள் வற்றிப்போய்த் தண்ணீருக்குப் பங்கீடு. தண்ணீர் லாரிக்கு வாளியோடு வரிசை நிற்போம். அந்த வரிசையை உற்றுப் பார்த்தால் இந்தக் கட்டுரை முழுவதும் அதில் இருந்தது. இளம்பெண்கள் எல்லார் கையிலும் குடை. கல்யாணமான பெண்கள் தலையில் துண்டு. கிழவிகள் ஒன்றுமில்லாமல், இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நின்றார்கள். ஆண்கள் மொட்டை வெயிலில், பனியனோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஒரு குடைக்குள் ஒதுங்கச் சொன்னால்கூட வெட்கம். மயங்கி விழுந்தவர் ஒரு ஆண்தான்.

வெயிலைப் பற்றி எங்கள் சனத்தில் நடந்த பேச்செல்லாம் பெண்ணின் தோலைப் பற்றியே நடந்தது. கருந்தோலுக்கு மெலனின் கொஞ்சம் காவல். வெள்ளைக்காரர்களுக்கு வருகிற அளவுக்கு வெயிலால் நமக்குத் தோல் புற்று வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் 1981லிருந்து சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று பாட்டுக் கட்டிப் பிரசாரம் செய்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது உயிர்ப் பிரச்சினை. நமக்கு வெயில் கை வைக்கிற இடம் வேறு. தண்ணீர் வற்றிய உடம்பில் வைக்கும். கண்ணில் வைக்கும். எத்தனையோ துணி சுற்றிய அம்மாவும் கண்ணுக்கு ஒன்றும் போட்டதில்லை. தொப்பி விளிம்பு விட்ட நிழல்தான். அப்பாவுக்கு அதுவும் இல்லை.

அப்பா குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, மட்டையை வெட்டி, குலையை வெட்ட வேண்டும். அண்ணாந்தால் மரத்தின் கொண்டை தெரியும். கொண்டைக்குப் பின்னால் வானம் கொதிக்கும். தூசியும் சருகும் கண்ணிலேயே விழும். அப்படி அவர் பார்த்த வானத்துக்குக் கணக்கில்லை. ஐம்பது வயதுக்கு மேல் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி இளஞ்சிவப்பாக ஒரு சதை, இறக்கை விரித்த மாதிரி, வளர ஆரம்பித்தது. தோட்டத்தில் அதைச் சூட்டுச் சதை என்று விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டார்கள். அப்பாவோடு வேலை செய்தவர்களில் பலருக்கு அது இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஒருவர் குலை வெட்டுகிறவர் என்று நான் அடையாளம் கண்டுபிடிப்பேன்.

கண் மருத்துவர் சதையை எடுத்துவிட்டுச் சொன்னார், வெயிலும் தூசியும் காற்றும்தான் காரணம், மறுபடி வளராமல் இருக்கக் கருப்புக் கண்ணாடி போடுங்கள் என்று. அப்பா வீட்டுக்கு வந்ததும், “இந்த வயசுல எம்ஜிஆர் வேஷமா?” என்று கண்ணாடியை அலமாரி மேல் வைத்துவிட்டார். வேலை செய்த காலத்தில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்தாராம். மண்டோரிலிருந்து தண்ணி தூக்குகிற பையன் வரை கேலி செய்து, மறுநாள் அவர் கழற்றிவிட்டாராம். வெயிலுக்கு மறைவது பெண்ணுக்கு அழகு, ஆணுக்கு மானக்கேடு. இப்போது அந்தத் தீவில் குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்கதேசத்தவர். போன பங்குனியில் குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது பார்த்தேன். முகத்தை முழுக்க மூடும் துணிமுகமூடி எல்லாரும் போட்டிருந்தார்கள், ஆண்களும்தான். கண்ணுக்கு அவர்களிடமும் ஒன்றும் இல்லை.

அக்கா மகள் ஞாயிறு காலையில் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவள். எஸ்பிஎஃப் 50 களிம்பை விரல் நீளத்துக்கு இரண்டு கோடு பிழிந்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, இரண்டு மணிக்கொருதரம் மறுபடி பூசுவாள். கருத்துப் போகாமல் இருக்கவா என்று கேட்டால் கோபம் வரும். “மங்கு வராம இருக்கத்தான் சித்தி.” நம்பினேன், பாதி. அவள்தான் தாத்தாவின் பிடிவாதத்தையும் உடைத்தாள். அலமாரி மேலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து, அவர் மூக்கில் வைத்து, கைபேசியில் படம் பிடித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தார். மீசையைத் தடவினார்.

அந்தத் தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கூட்டத்துக்குள் அவரை அழைத்துப்போனேன். முறுக்குக் கடை வாசலில் தோட்டத்துப் பழைய கூட்டாளி ஒருவர் எதிரே வந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் சதை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். கேலிதான் வரப்போகிறது என்று நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கண்ணே வாங்குன?”

“இவளக் கேளு.”

நாலு கடை தள்ளி ஒரு கண்ணாடிக் கடை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், வெறும் கருப்பாக இருந்தால் போதாது என்று அவருக்கு விளக்கினேன். சீனப் பையன் மூன்று வகை எடுத்து வைத்தான். நாற்பது வெள்ளி என்றான். அப்பா முப்பதுக்குப் பேசி முடித்தார்.